"நாலு பிள்ளைக்கும் பால் கொடுத்தேனே, எனக்கு ஏன்?"

(திண்டிவனத்தில் நமது அறக்கட்டளையின் ஆண்டு மகளிர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத சகோதரிகளின் வேண்டுகோளை ஏற்று முழுமையாக வெளியிடப்படுகிறது.)



 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாம் கணக்கு வாசிப்போம். எத்தனை பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, எத்தனை விதவைச் சகோதரிகளுக்கு மாத உதவி, எத்தனை தையல் இயந்திரம் என்று சொல்வோம். இந்த ஆண்டு கணக்கைப் பொருளாளர் வாசித்துவிட்டார். நாம் வேறொரு விஷயம் பேச அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறோம். அது மார்பகப் புற்றுநோய்.

ஆண்கள் மேடையில் நின்று இதைப் பேசலாமா என்று நமக்கே தயக்கம் இருந்தது. நம் பள்ளிவாசல் இமாம் அவர்களிடம் கேட்டோம். "மதீனத்துப் பெண்கள் வெட்கத்தைக் காரணம் காட்டிக் கேள்வியை விழுங்கியவர்கள் அல்ல என்று நாம் ஹதீஸ் பாடத்தில் ஓதியிருக்கிறோமே! உயிரைக் காக்கும் விஷயத்தில் என்ன தயக்கம்? பேசுங்கள்" என்றார். அந்தத் துணிவில் பேசுகிறோம்.

முதலில் நம் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்தார். வயது 41. வீட்டிலிருந்தபடியே தையல் வேலை. நான்கு பிள்ளைகள். மார்பில் ஒரு கட்டி தென்படுகிறது, வலி இல்லை, ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், 1,800 ரூபாய் வேண்டும் என்றார். அதையும் நம்மிடம் நேராகச் சொல்லவில்லை. உடன் வந்த நாத்தனார் மூலமாகத்தான் சொன்னார். நாம் நம் மருத்துவ உதவி விண்ணப்பத்தை எடுத்தோம். அதில் "நோயின் பெயர்" என்று ஒரு கட்டம். "மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுச் சான்று" என்று இன்னொரு கட்டம். இரண்டையும் அவரால் நிரப்ப முடியவில்லை. நோய் என்னவென்று தெரிந்துகொள்ளத்தானே பணம் கேட்கிறார்! "என்ன நோய் என்று தெரிந்த பிறகு வாருங்கள் அம்மா, கண்டிப்பாகச் செய்வோம்" என்று சொல்லி அனுப்பினோம். விதிப்படிதான் நடந்தோம்.

எட்டு மாதம் கழித்து அவர் வந்தார். இந்த முறை நோயின் பெயர் இருந்தது. மதிப்பீட்டுச் சான்றும் இருந்தது. நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. அன்றைக்கே 25,000 ரூபாய் கொடுத்தோம். 1,800 கொடுக்காத கை 25,000 கொடுத்தது. இதை நாம் எங்கும் மறைக்க விரும்பவில்லை.

அன்று அவர் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "பாய், நாலு பிள்ளைக்கும் ரெண்டு ரெண்டு வருஷம் பால் கொடுத்தேன். பால் கொடுத்தா இது வராதுன்னுதானே எல்லாரும் சொன்னாங்க? எனக்கு ஏன் வந்துச்சு?" பக்கத்தில் மாமியார் அழுதுகொண்டிருந்தார். தெருவில் சிலர் கண்ணேறு என்றார்களாம். சிலர் ஏதோ பாவம் என்றார்களாம்.

நாம் "அல்லாஹ்வின் நாட்டம் அம்மா" என்றோம். அது நம் ஈமான். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. தன் உடம்பில் என்ன நடந்தது என்று கேட்டார். மதரஸாவில் ஓதி, கல்லூரியில் விலங்கியலும் படித்திருந்தும் நம்மால் அதற்கு விடை சொல்ல முடியவில்லை. அந்த வெட்கத்தில்தான் மருத்துவர்களிடம் கேட்டோம், படித்தோம். கிடைத்த விடையை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. ஏறத்தாழ எல்லாச் செல்லுக்குள்ளும் ஒரே புத்தகம் இருக்கிறது. அதில் சுமார் 20,000 பக்கங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு மரபணு. கண்ணில் உள்ள செல்லுக்கும் கல்லீரலில் உள்ள செல்லுக்கும் புத்தகம் ஒன்றுதான். கண் சில பக்கங்களைத் திறந்து வாசிக்கிறது, கல்லீரல் வேறு பக்கங்களைத் திறந்து வாசிக்கிறது. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, எது உரக்க வாசிக்கப்படுகிறது என்பதைத்தான் விஞ்ஞானிகள் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். ஒரு செல்லில் திறந்திருக்கும் பக்கங்களைப் பார்த்தாலே அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிட முடியும்.

இப்போது மார்பகத்துக்கு வருவோம். இதயம் போன்றவை பிறக்கும்போதே உருவாகிவிட்டவை. அதன் பிறகு பெரிதாவதுதான் மிச்சம். மார்பகம் அப்படி இல்லை. அதன் பெரும்பகுதி வேலை பிறந்த பிறகுதான் நடக்கிறது. பெண் பிள்ளை பருவம் அடையும்போது வளர்கிறது. மாதந்தோறும் சிறிது மாறுகிறது. கர்ப்பத்தில் கிளை கிளையாகப் பெருகிப் பால் சுரக்கத் தயாராகிறது. பால் மறக்கடித்ததும் சுருங்குகிறது. அடுத்த குழந்தைக்கு மறுபடி பெருகுகிறது. இத்தனை முறை கட்டிக் கலைத்துக் கட்ட வேண்டுமென்றால் கையிருப்பு வேண்டும்.

அந்தக் கையிருப்பைப் புரிந்துகொள்ள நம் ஊர் நாற்றங்காலை நினைத்துப் பாருங்கள். விதைநெல் இருக்கிறது. அதை நாற்றங்காலில் விட்டால் நாற்று வருகிறது. நாற்றைப் பிடுங்கி நட்டால் பயிராகி, கதிர் முற்றுகிறது. மார்பகத்திலும் இப்படி மூன்று நிலை உண்டு. விதைநெல்லைப் போன்றது ஸ்டெம் செல் என்னும் குருத்தணு. நாற்றைப் போன்றது முன்னோடிச் செல். நட்டு முற்றிய பயிரைப் போன்றது பால் சுரக்கும் முதிர்ந்த செல். நாற்றங்காலில் நெருக்கமும் வேகமும் அதிகம். அதேபோல முன்னோடிச் செல்களும் விரைந்து பிரிந்து பெருகக்கூடியவை.

பால் வரும் குழாய்களின் சுவரில் இரண்டு வரிசைச் செல்கள் உண்டு. உள்வரிசை பாலைச் சுரக்கிறது. வெளிவரிசை சுருங்கி அந்தப் பாலை வெளியே தள்ளுகிறது. பிள்ளை அழுதாலே தாய்க்கு மார்பு கனத்துப் பால் இறங்குகிறதே, அது வெளிவரிசையின் வேலை. உள்வரிசைக்கென்று ஒரு நாற்றங்கால் இருக்கிறது. நமது சகோதரியின் கேள்விக்கு விடை அந்த நாற்றங்காலில் இருக்கிறது.

ஒரு செல் இரண்டாகும்போது அந்த 20,000 பக்கப் புத்தகம் முழுவதையும் படி எடுக்க வேண்டும். படி எடுக்கும்போது தாள் கிழியலாம், எழுத்து விடுபடலாம். அதைச் சரிபார்த்து ஒட்டித் தைக்கும் வேலைக்கென்றே இறைவன் சில மரபணுக்களை வைத்திருக்கிறான். அவற்றுள் இரண்டுக்குப் பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்று பெயர். முதலாவது 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990இல் அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளேர் கிங் காட்டினார். 1994இல் அந்த மரபணுவையே பிரித்தெடுத்தார்கள். இரண்டாவது 1995இல் கிடைத்தது. தைக்கிறவரே இல்லாத வீட்டில் கிழிந்தது கிழிந்தபடியே கிடக்கும். இந்த மரபணுவில் பழுது இருந்தால் செல்லில் கிழிசல்கள் சேர்ந்துகொண்டே போகும்.

பழுது சேர்ந்து புற்றாக மாறுவது எந்தச் செல்? விதைநெல்லா, நாற்றா, பயிரா? பி.ஆர்.சி.ஏ. 1 பழுதுள்ள பெண்களுக்கு வரும் கட்டி, வெளிவரிசைச் செல்லின் சாயலில் இருக்கும். ஆகவே அது விதைநெல்லிலிருந்தே வருகிறது என்றுதான் பலர் கருதினார்கள். 2009இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வுக்கழகத்தில் ஜேன் விஸ்வேடர், ஜெஃப்ரி லிண்டமன் இருவரின் குழு இதை ஆராய்ந்தது. அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட மார்பகத் திசுக்களைப் பெண்கள் ஆய்வுக்குக் கொடுத்தார்கள். குழுவினர் அதிலிருந்த செல்களை வகை பிரித்து, ஒவ்வொரு வகையிலும் எந்தப் பக்கங்கள் திறந்திருக்கின்றன என்று வாசித்தார்கள். பிறகு கட்டியில் திறந்திருக்கும் பக்கங்களோடு ஒப்பிட்டார்கள். விதைநெல்லோடு பொருந்தவில்லை. உள்வரிசை நாற்றோடு, அதாவது பால் சுரக்கும் வரிசையின் முன்னோடிச் செல்லோடுதான் பொருந்தியது.

இன்னொன்றும் தெரிந்தது. பழுதான பி.ஆர்.சி.ஏ. 1 உடைய பெண்களின் திசுவில், புற்று வராத நிலையிலேயே, இந்த நாற்றுகள் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டன. ஆய்வகத்தில் சாதாரணமாகத் தேவைப்படும் ஊட்டம் இல்லாமலே வளர்ந்தன. தண்ணீரும் எருவும் விடாமலே ஒரு நாற்றங்கால் தழைத்தால் நம் விவசாயி சந்தேகப்படுவார் அல்லவா? அப்படி.

இதே குழு 2016இல் இன்னொரு செய்தி வெளியிட்டது. அந்த முன்னோடிச் செல்களைப் பெருகச் சொல்லித் தூண்டும் சமிக்ஞை ஒன்றைக் கண்டறிந்தார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஏற்கெனவே பயன்படும் டெனோசுமாப் என்ற மருந்து அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும். புற்று வரும் முன்பே இதைக் கொடுத்துத் தடுக்க முடியுமா என்று பல நாடுகளில் பெண்களிடம் சோதனை தொடங்கினார்கள். 2023இல் வேறு விஞ்ஞானிகள் 126 பெண்களின் திசுவிலிருந்து 7 லட்சத்துக்கும் அதிகமான செல்களைத் தனித்தனியாக வாசித்து மார்பகத்தின் வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். இவற்றுக்கெல்லாம் தம் உடம்பின் ஒரு துண்டைத் தந்தவர்கள் பெயர் தெரியாத சாதாரணப் பெண்கள். அவர்கள் கொடுத்த ஈகையால்தான் இன்று இந்த மேடையில் நாம் இவ்வளவு பேச முடிகிறது.

சகோதரிகளே! அந்தச் சகோதரியின் கேள்விக்கு விடை இதுதான். பால் கொடுப்பதற்காக இறைவன் அமைத்த இடத்தில் வளரும் ஆற்றலை வைத்திருக்கிறான். வளரும் ஆற்றல் உள்ள இடத்தில் எழுத்துப் பிழை நேர்ந்தால் அது கட்டுப்பாடில்லாத வளர்ச்சியாக மாறக்கூடும். இதில் அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. கண்ணேறு இல்லை. பாவத்தின் சம்பளம் இல்லை.

பால் கொடுத்தது வீணா? ஒருக்காலும் இல்லை. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் ஒரு முடிவு வெளியானது. ஒரு தாய் 12 மாதம் பால் கொடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது. மொத்தமாகக் கொடுத்த காலம் கூடக் கூட, பாதுகாப்பும் கூடுகிறது. பால்குடி இரண்டு முழு ஆண்டுகள் என்று அல்பகரா அத்தியாயத்தில் ஓதுகிற சமுதாயம் நாம். குழந்தைக்கு மட்டுமின்றித் தாய்க்கும் அதில் நலன் இருப்பது தெரிகிறது. ஆனால் குறைக்கும் என்பது வேறு, வரவே வராது என்பது வேறு. ஹெல்மெட் போட்டவருக்கும் அடிபடுவதுண்டு. அதற்காக யாரும் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வதில்லை. ஹெல்மெட் போட்டிருக்கிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவதும் இல்லை.

இளம் தாய்மார்களுக்கு இன்னொன்று. பால் கொடுக்கும் காலத்தில் மார்பில் கட்டி வந்தால் "பால் கட்டிக்கிட்டுது" என்று சொல்லி ஒத்தடம் கொடுக்கிறோம். பெரும்பாலும் அதுதான். ஆனால் இரண்டு வாரம் ஆகியும் கரையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரசவத்துக்குப் பின் சில ஆண்டுகள் இந்த ஆபத்து சற்று கூடியே இருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

அந்தச் சகோதரிக்கு வந்தது மூன்று சோதனையிலும் இல்லை என்று வரும் வகை. கட்டியில் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் வாசல், புரோஜெஸ்டிரோனைப் பிடித்துக்கொள்ளும் வாசல், ஹெர்-2 என்ற வாசல் ஆகிய மூன்றும் உண்டா என்று பார்ப்பார்கள். வாசல் இருந்தால் அதன் வழியே வேலை செய்யும் மருந்து உண்டு. மூன்றும் இல்லையென்றால் அந்த மருந்துகள் பயன்படா. பெரும்பாலும் கீமோதெரபிதான் கைகொடுக்கும். பி.ஆர்.சி.ஏ. 1 பழுதுள்ளவர்களுக்கு இந்த வகைதான் அதிகம் வருகிறது. மேலை நாடுகளைவிட நம் நாட்டில் இந்த வகையின் பங்கு கூடுதல். நோய் வரும் வயதும் அங்கிருப்பதைவிட ஏறக்குறைய பத்து ஆண்டு முந்துகிறது. "இந்த வயதில் வராது" என்று நாற்பது வயதுப் பெண்ணிடம் யாரும் சொல்லாதீர்கள்.

அடுத்துச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். பொறுத்துக் கேளுங்கள்.

மருத்துவர் அவரிடம், "குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றார் சகோதரி. பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு வீட்டில் விசாரித்தபோது அவருடைய காலாம்மா, தாயின் கூடப் பிறந்தவர், 45 வயதில் "குடல் நோயில்" இறந்ததாகச் சொன்ன கதை மாறியது. அது சூலகப் புற்றுநோய். அப்போது வீட்டில் நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் மூடி மறைத்துவிட்டார்கள். பி.ஆர்.சி.ஏ. பழுது மார்பகத்துக்கு மட்டுமல்ல, சூலகத்துக்கும் ஆபத்து. காலாம்மாவின் நோய்ப் பெயர் தெரிந்திருந்தால் இந்தச் சகோதரி முதல் நாளே உஷாராகியிருப்பார். அவர்கள் மறைத்தது ஒரு நிக்காஹ்வுக்காக. விலை கொடுத்தது அடுத்த தலைமுறை.

இந்தப் பழுது நம் மண்ணிலும் இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மருத்துவ விஞ்ஞானி தங்கராஜன் ராஜ்குமார் தலைமையில் தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் அடிக்கடி காணப்பட்ட பிழைக்கு 185டெல்ஏஜி என்று பெயர். மரபணுவில் ஓரிடத்தில் இரண்டே இரண்டு எழுத்துகள் விடுபட்டிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு எழுத்தால் என்ன ஆகிவிடும்? செல் தன் புத்தகத்தை மூன்று மூன்று எழுத்தாகத்தான் வாசிக்கும். "அவள் மகன் படம்" என்று எழுதியிருக்கிறது. இதில் "மக" என்ற இரண்டெழுத்தை எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகச் சேர்த்து வாசியுங்கள். "அவள் ன்பட ம்" என்று வரும். அதற்குப் பின்னால் எத்தனை வரி இருந்தாலும் எல்லாமே குழம்பிவிடும். தையல்காரரே அந்த வீட்டுக்கு வராமல் போவது இப்படித்தான்.

இதே பிழை ஐரோப்பிய வழி யூதக் குடும்பங்களில் பரவலாக இருப்பதாகத்தான் உலகம் முதலில் அறிந்தது. அது தென்னிந்தியக் குடும்பங்களிலும் இருக்கிறது. நோய்க்கு மதமும் இல்லை, மஹல்லாவும் இல்லை.

பயப்பட வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வரும் 100 பேரில் சுமார் 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரையாக வருகிறது. மீதிப் பேருக்கு வாழ்நாளில் சேர்ந்த பிழைகள்தான் காரணம். ஆனால் அந்தச் சிலரில் நம் குடும்பம் உண்டா என்று தெரிந்துகொள்வது அவசியம். மேலை நாட்டுக் கணக்குப்படி, பி.ஆர்.சி.ஏ. 1 பழுதுள்ள பெண்கள் 100 பேரில் சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. பழுதுள்ள தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கவனியுங்கள், தந்தையிடமிருந்தும் வரும். "இது பொம்பளைங்க வியாதி, அவங்க அம்மா வழி" என்று ஆண்கள் ஒதுங்க முடியாது.

நமது சகோதரிக்கு ரத்தப் பரிசோதனையில் பழுது இருப்பது உறுதியானது. உடனே அவருடைய தம்பியையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். தம்பிக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண் பிள்ளைகள். "வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் பாய்?" என்று ஆறு மாதம் மறுத்தார். அந்த ஆறு மாதமும் அக்கா கீமோதெரபிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒரு நாள் அக்கா, "எனக்காக வேணாம்டா. அந்தப் புள்ளைங்களுக்காகப் போ" என்றாராம். போனார். முடிவு என்ன என்பதை நாம் இங்கே சொல்ல மாட்டோம். அது அந்தக் குடும்பத்தின் அமானிதம். அவர் போனார் என்பதை மட்டும் சொல்கிறோம்.

தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்று கேட்கலாம். பழுது இருப்பது தெரிந்தால் இளம் வயதிலேயே ஆண்டுதோறும் பரிசோதனை தொடங்கலாம். பிள்ளைப்பேறு முடிந்த பிறகு சூலகம் பற்றி மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம். நோய் வந்துவிட்டாலும் இந்தப் பழுது உள்ளவர்களுக்கென்றே ஒலாபரிப் போன்ற மருந்துகள் இப்போது வந்திருக்கின்றன. நம் ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.எம்.வி. கடலை ரகங்களை நாடே அறியும். அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான். விதைக் கடலை வாங்கும்போது ரகத்தையும் பூர்வீகத்தையும் வாய் விட்டுக் கேட்கிற ஊர் இது. நம் பெண் பிள்ளைகளின் உயிர் விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூசியாவின் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி, அறுவை மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். தம் கிதாப் அத்தஸ்ரீப் நூலில் இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். மார்பகம் போன்ற இடத்தில், ஆரம்பத்தில், சிறிதாக இருக்கும்போது முழுதும் அகற்றிவிட வேண்டும் என்கிறார். நாள்பட்டுப் பெரிதானதைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, குணப்படுத்தியவரைக் கண்டதும் இல்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். அவர் காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று இருக்கின்றன. ஆனால் சீக்கிரம் வந்தவருக்கே வாய்ப்பு அதிகம் என்பது இன்றும் மாறவில்லை.

சீக்கிரம் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டுமா? மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்களைச் சேர்த்தார்கள். அதில் பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சாதாரணப் பெண் ஊழியர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். 20 ஆண்டு கழித்து 2021இல் முடிவு வந்தது. பரிசோதிக்கப்பட்டவர்களில் நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதைக் கடந்த பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழே அந்தக் குறைவு தென்படவில்லை. ஆகவே இளம் வயதினர் முறை வரட்டும் என்று காத்திருக்காமல், மாற்றம் தெரிந்த அன்றே போக வேண்டும்.

பரிசோதித்தது பெண்கள், பெண்களை. நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயதைக் கடந்த பெண்களுக்குச் செவிலியர்கள் இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். ஆண் மருத்துவர்தான் இருக்கிறார் என்றாலும், உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இடம் தருகிறது என்பதை நம் உலமாக்கள் இங்கேயே சொல்வார்கள். ஹயா என்பது ஈமானின் கிளை. அதை நோயை ஒளிக்கும் திரையாக்கிவிட வேண்டாம்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்? வலியில்லாத கட்டி. தோலில் குழி அல்லது ஆரஞ்சுத் தோல் போன்ற மாற்றம். காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது. காம்பிலிருந்து ரத்தக் கசிவு. அக்குளில் கட்டி. இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருக்காது. புற்றுநோய் இல்லை என்று தெரிந்துகொள்வதற்கும் காட்டத்தானே வேண்டும்?

அடையாறு நிலையம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் மறைக்கவில்லை. ஊரைக் கூட்டி, நிதி திரட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்து பணி செய்தார். ஒரு வீட்டின் துக்கத்தைப் பொது நன்மையாக மாற்ற முடியும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

நமது சகோதரி சென்ற ரஜப் மாதம் நம்மை விட்டுப் பிரிந்தார். அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. இறப்பதற்குச் சில வாரம் முன்பு நாம் பார்க்கச் சென்றபோது மேலே சொன்ன விடையை அவருக்கும் சொன்னோம். நாற்றங்கால் கதையைக் கேட்டுச் சிரித்தார். "அப்போ என் மேல தப்பு இல்லைதானே பாய்?" என்றார். "இல்லை அம்மா, தப்பு எங்கள் விண்ணப்பத்தில் இருந்தது" என்றோம். "பேர் சொல்லாம எல்லார்கிட்டயும் சொல்லுங்க" என்றார். அந்த வாக்கைத்தான் இன்று நிறைவேற்றுகிறோம்.

ஆகவே நிர்வாகக் குழு கூடி எடுத்த முடிவுகளைச் சொல்கிறோம்.

ஒன்று: மருத்துவ உதவி விண்ணப்பம் மாற்றப்பட்டுவிட்டது. "நோயின் பெயர்" என்ற கட்டத்துக்கு முன்னால் "என்னவென்று பார்க்க வேண்டும்" என்று ஒரு கட்டம் வந்திருக்கிறது. அதில் ஒரு குறி போட்டால் போதும். முதல் பரிசோதனைக்கான பணம் அன்றைக்கே, சான்று கேட்காமல் தரப்படும்.

இரண்டு: பெண்கள் இதற்காக ஆண்களிடம் வந்து நிற்க வேண்டியதில்லை. நம் பெண்கள் மதரஸாவின் ஆலிமாக்களிடமே விண்ணப்பம் இருக்கும். அவர்களே மருத்துவமனைக்கும் உடன் வருவார்கள். திண்டிவனம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுவை ஜிப்மர், அடையாறு எதுவானாலும் துணையும் பயணச் செலவும் நம் பொறுப்பு.

மூன்று: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவும். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவது இரட்டைத் துன்பம். விண்ணப்பிக்க நம் அலுவலகத்தில் உதவுகிறோம்.

நான்கு: இது ஜமாஅத் பெரியோர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள். ஒரு வீட்டில் புற்றுநோய் இருந்தது என்பதற்காக எந்தப் பெண்ணின் நிக்காஹ்வும் நின்றுபோகக் கூடாது. மறைக்க வேண்டிய அவசியத்தை நாம்தான் உண்டாக்கி வைத்திருக்கிறோம். அதை நாம்தான் நீக்க வேண்டும். ஜும்ஆ பயானில் இமாம் அவர்கள் இதைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஜஸாகல்லாஹு கைரன்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். நன்னியிடமும் காலாம்மாவிடமும் குப்பியிடமும் உட்கார்ந்து, நம் குடும்பத்தில் யார் யார் என்ன நோயில் இறந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆண்களே, உங்கள் பக்கத்துக் கதையையும் எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்கும் நாளில் அந்த நோட்டு ஓர் உயிரைக் காப்பாற்றலாம், இன்ஷா அல்லாஹ்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. நம்மால் தாமதமானவர்களுக்காக நம்மை மன்னிப்பானாக. ஆமீன்.